அது வேற, இது வேற

எங்கள் சின்ன மாமா தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "வாத்தியாரே, மோட்டாரப் போடுங்க" என்று குரல் கொடுப்பார். கோவில்பட்டியில் அப்போது தண்ணீருக்கு என்ன பாடு என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர், தன் வீட்டு போர் தண்ணீரை நாலு வீட்டுக்குக் காசு வாங்காமல் கொடுத்தவர். மோட்டார் ஓடும். மாமா குடத்தை நிரப்பி, சிந்தாமல் கொண்டுவந்து அடுப்படியில் இறக்கிவிட்டுத் திண்ணையில் உட்காருவார். உட்கார்ந்த பிறகு, அந்த மோட்டார் ஓடுகிற நேரத்தில்தான் வாத்தியார் தன்னுடைய எண்ணங்களை இவர் மண்டைக்குள் இறக்குகிறார் என்று எங்களிடம் சொல்வார். கோபமாகக்கூட இல்லை. கரண்ட் பில் கட்ட நாளைக்குக் கடைசி நாள் என்று சொல்வதுபோலச் சொல்வார்.

2004இல் நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். தர்க்கம் என்றால் என்னவென்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற வயது. செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தபோது ஒருநாள் அவரை மடக்கினேன். "மாமா, அந்த மோட்டார் ஓடுனாத்தானே அவர் நினைப்பு உங்களுக்குள்ள வருது? அப்புறம் ஏன் தினமும் நீங்களே போய் மோட்டாரப் போடச் சொல்றீங்க?" அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாய்ப்பாடு தெரியாத பையனைப் பார்க்கிற பார்வை. "அது வேற, இது வேற மருமவனே" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து உள்ளே ஓடிப்போய், "மாமாவே அத முழுசா நம்பலம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவன்கிட்ட நியாயம் பேசாத" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த நாலு சொல் என்னை விட்டபாடில்லை. நான் டாக்டர் கிடையாது, தத்துவம் படித்தவனும் கிடையாது. கோயம்புத்தூரில் பம்ப் செட் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன் (மோட்டார் என்னையும் விடவில்லை, சிரிக்க வேண்டாம்). ஆனால் மாமாவுக்கு வந்த மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற நோய் பற்றி மூளை ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியதையும் தத்துவக்காரர்கள் எழுதியதையும் கிடைத்த நேரத்தில் எல்லாம் படித்திருக்கிறேன். இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் பெரிதாக மதிப்பதில்லை என்ற எண்ணம்தான் படிக்கப் படிக்க வந்தது. மாமாவின் ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர்

டெல்யூஷன் என்பதற்கு மருத்துவப் புத்தகங்கள் தருகிற பொருள், எந்தச் சான்றுக்கும் அசையாத தவறான நம்பிக்கை என்பது. இதைக் கேட்டதும் நம்மைப் போன்ற ஆட்களுக்குத் தோன்றுவது, சரி, நல்ல சான்றாகக் காட்டினால் அசைந்துவிடும் என்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் நம்பிக்கை என்றால் அது வேலை செய்ய வேண்டும் அல்லவா? பால் திரிந்துவிட்டது என்று நம்புகிறவன் அதைக் காப்பியில் ஊற்ற மாட்டான். மோட்டார் வழியாக மண்டைக்குள் அந்நியன் நுழைகிறான் என்று நம்புகிறவன் மோட்டாரைப் போடச் சொல்லிக் கேட்க மாட்டான். மாமா கேட்டார், தினமும் கேட்டார்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் இந்த நோய்க்குப் பெயர் வைத்தவரேதான். சூரிச்சில் இருந்த ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் பெர்லினில் பேசும்போது ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லைக் கொண்டுவந்தார், 1911இல் அதை விரித்து எழுதினார். தங்களை அரசர்கள் என்றும் போப்பாண்டவர்கள் என்றும் சொல்லிக்கொள்கிற நோயாளிகள் வார்டில் சாதாரண எடுபிடி வேலைகளைத் தகராறு இல்லாமல் செய்துகொண்டிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். இதற்கு அவர் வைத்த பெயர் இரட்டைப் பதிவுக் கணக்கு. மாமா நோய் வருவதற்கு முன்னால் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர் என்பதால் இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ப்ளாய்லர் சொன்னது பற்று வரவு இரண்டு பக்கமும் எழுதுகிற முறையை. எனக்கென்னவோ நம் ஊர் வியாபாரிகள் வைத்திருக்கிற ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் கணக்குதான் இன்னும் பொருத்தமாகப் படுகிறது. இரண்டு நோட்டும் ஒரே மேஜையில் இருக்கும், ஒரே ஆள்தான் எழுதுவார், ஆனால் ஒன்றின் கூட்டுத்தொகையை இன்னொன்றில் தேடினால் நீங்கள்தான் விவரம் கெட்டவர். நான் செய்தது அதுதான். ஒன்றாம் நம்பர் நோட்டை வைத்துக்கொண்டு இரண்டாம் நம்பரைத் தணிக்கை செய்தேன்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ப்ளாய்லர் பிளவு என்ற பொருளில் வைத்த பெயர் சினிமாக்காரர்கள் கையில் சிக்கி, ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் என்று ஆகிவிட்டது. அது வேறு சங்கதி. தமிழில் நமக்குக் கிடைத்தது மனச்சிதைவு. சிதைவு என்றால் இடிந்த கோட்டை ஞாபகம்தான் வருகிறது. ஜப்பானில் மனம் பிளந்த நோய் என்ற பழைய பெயரை 2002இல் மாற்றினார்கள், இப்போது அங்கே ஒருங்கிணைப்புக் கோளாறு என்பது போன்ற பெயர். கொரியாவிலும் மாற்றிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் இசைக் கருவியின் தந்தியைச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கிறது. சுருதி கலைந்த வீணையை யாரும் சிதைந்த வீணை என்று சொல்வதில்லை. நம் ஆட்களும் யோசிக்கலாம்.

ப்ளாய்லருக்கு இரண்டு வருடம் கழித்து, 1913இல், கார்ல் யாஸ்பர்ஸ். ஹைடல்பெர்க்கில் மனநல மருத்துவராக இருந்து பிறகு தத்துவத்துக்குப் போனவர். புரிந்துகொள்வது வேறு, விளக்குவது வேறு என்று பிரித்தார். ஆச்சி செத்ததற்கு ஒருவன் அழுதால் அவனிடத்தில் நம்மை வைத்துப் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். கடும் காய்ச்சலில் ஒருவன் பிதற்றினால் அதில் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, காய்ச்சல் மூளையை என்ன செய்தது என்று விளக்கத்தான் முடியும். மனச்சிதைவின் அடிப்படையான டெல்யூஷன்கள் இரண்டாம் வகை, உள்ளே போய்ப் புரிந்துகொள்ள வழியே இல்லை என்று ஒரு சுவரைக் கட்டினார். பெரிய மனிதர், நுட்பமாகக் கவனித்தவர், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுவர் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சுவரைக் கட்டியதும் மூளைக்காரர்கள் ஒரு பக்கமாகப் போய்விட்டார்கள், மாமா என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டிய வேலையே அவர்களுக்கு இல்லாமல் போனது.

கிச்சு கிச்சு

எல்லோரும் அப்படிப் போகவில்லை. லண்டனில் கிறிஸ்டோபர் ஃப்ரித் என்று ஓர் உளவியலாளர். என் கையை யாரோ அசைக்கிறார்கள், என் எண்ணம் என்னுடையதில்லை என்று நோயாளிகள் சொல்வதை அவர் உளறல் என்று தள்ளவில்லை. அப்படி ஒருவருக்குத் தோன்ற வேண்டுமென்றால் இயந்திரத்தில் எந்த இடம் பழுதாக வேண்டும் என்று கேட்டார். பம்ப் ரிப்பேர்காரனுக்கு இந்தக் கேள்வி உடனே பிடித்துவிடும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கிற கண்ணின் ஓரத்தை இமைக்கு மேலாக விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். உலகம் ஆடும். ஆனால் அதே கண்ணை நீங்களாக இடதும் வலதும் திருப்பினால் உலகம் அசையாமல் நிற்கும். விழித்திரையில் பிம்பம் நகர்வது இரண்டிலும் ஒன்றுதான். இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி யோசித்திருக்கிறார். மூளை கண்ணைத் திருப்ப உத்தரவு கொடுக்கும்போது, பில் புக்கில் கார்பன் வைத்து எழுதுவதுபோல, அந்த உத்தரவின் நகல் ஒன்றைத் தனக்கும் வைத்துக்கொள்கிறது. வரப்போகிற அசைவு நம்முடையதுதான் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால் அதைக் கழித்துவிடுகிறது. விரலால் அழுத்தும்போது கண் தசைக்கு உத்தரவு போகவில்லை, எனவே நகல் இல்லை, எனவே உலகம் ஆடுகிறது. நமக்கு நாமே கிச்சு கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். சாரா-ஜேன் பிளேக்மோர், ஃப்ரித், டேனியல் வோல்பர்ட் மூவரும் 1990களின் கடைசியில் இதை இயந்திரம் வைத்தே சோதித்தார்கள். இடது கையால் நீங்கள் ஒரு பிடியை அசைத்தால் ஒரு ரோபோ அதே அசைவில் உங்கள் வலது உள்ளங்கையைப் பஞ்சால் வருடும். அப்போது கூச்சம் குறைவு. உங்கள் அசைவுக்கும் வருடலுக்கும் நடுவே வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் வைத்தால், செய்வது நீங்களே என்றாலும், கூச்சம் கூடிவிடும். 2000இல் இதையே குரல்கள் கேட்கிற, தன்னை யாரோ இயக்குவதாக உணர்கிற நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். தானே வருடிக்கொண்டாலும் அடுத்தவர் வருடினாலும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குரல்களுக்கும் இதே கதைதான் என்கிறார்கள். நாம் மனதுக்குள் பேசிக்கொள்ளும்போது குரல்வளைத் தசைகள் கொஞ்சம் வேலை செய்கின்றன. 1949இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவர் தன் நோயாளி ஒருவரின் தொண்டையிலிருந்து வந்த மெல்லிய முணுமுணுப்பை ஒலிபெருக்கிக் கேட்டபோது, நோயாளி தனக்குக் கேட்பதாகச் சொன்ன குரலின் வார்த்தைகளே அதில் இருந்தன. நகல் தொலைந்துபோன சொந்தப் பேச்சு அந்நியன் பேச்சாகத் திரும்பி வருகிறது. மாமா மோசமான நாட்களில் வாய்க்குள் ஏதோ ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டே இருப்பார். நாங்கள் அதை நோயின் அறிகுறி என்று நினைத்து, நிறுத்தச் சொல்லி அதட்டுவோம். ஹம் செய்தால் குரல்கள் அடங்குவதாக 1990இல் ஓர் ஆய்வு சொல்லியிருக்கிறது. அவர் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அதைத்தான் நாங்கள் அதட்டியிருக்கிறோம்.

ஆனால் இந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. கை அசைய உத்தரவு உண்டு, சரி. எண்ணத்துக்கு? ஓர் எண்ணத்துக்குக் கார்பன் நகல் எடுக்க வேண்டுமென்றால், நினைப்பதற்கு முன்பே அதை நினைக்கும்படி நான் உத்தரவிட்டிருக்க வேண்டும். உத்தரவிடுவதற்கே அதை நினைத்தாக வேண்டுமே! தவிரவும், நம் எண்ணங்களில் முக்கால்வாசி உத்தரவில்லாமல் வருபவைதான். காலையிலிருந்து ஒரு பழைய பாட்டின் இரண்டு வரி மண்டைக்குள் ஓடுகிறது, நான் அதைக் கூப்பிடவில்லை, போகச் சொன்னாலும் போகவில்லை. அதற்காகப் பக்கத்து ஃப்ளாட்காரர் அதைப் போட்டார் என்று நினைக்கிறேனா? கூப்பிடாமல் வருவதற்கும் அந்நியமாக வருவதற்கும் நடுவே ஏதோ இருக்கிறது. அது என்னவென்று ரோபோவால் சொல்ல முடியவில்லை. எனக்கு அதைச் சொன்னது மாமாதான், அதுவும் நான் கவனிக்காதபோது.

எனக்கு, எனக்குள்ள

2007 என்று நினைக்கிறேன், மழைக்காலம். மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று நாள் தூங்காமல் இருந்த மாமாவை வேறு ஊரில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தோம். நானும் அம்மாவும். நீண்ட வரிசை. டாக்டர் இளைஞர், களைத்திருந்தார், ஆனால் மரியாதையாகப் பேசினார். "பக்கத்து வீட்டுக்காரர் நினைக்கிறது உங்களுக்குத் தோணுதா?" என்று கேட்டார். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தப்பான கூட்டலைத் திருத்துகிற குரலில் சொன்னார்: "எனக்குத் தோணல டாக்டர். எனக்குள்ள தோணுது." டாக்டர் தலையாட்டி, சீட்டில் இங்கிலீஷில் இரண்டு சொல் எழுதி, மாத்திரை அளவைக் கூட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஊர் பஸ் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை நான் உண்மையில் கேட்டது பல வருடம் கழித்து, ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. கையில் பிரஷ்ஷோடு நின்றுவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். தமிழில் நாம் 'நான் நினைக்கிறேன்' என்றும் சொல்வோம், 'எனக்குத் தோன்றுகிறது' என்றும் சொல்வோம். முதலாவதில் நான் செய்கிறவன். இரண்டாவதில் நான் எதையும் செய்யவில்லை, எண்ணம்தான் எழுவாய், நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நின்று அதைப் பெற்றுக்கொள்கிறேன். பசிக்கிறது, வலிக்கிறது, ஞாபகம் வருகிறது எல்லாம் இப்படித்தான், 'எனக்கு'. அந்தப் பாழாய்ப்போன பாட்டும் அப்படித்தான், நான் கூப்பிடாவிட்டாலும் வந்தது எனக்கு. மாமாவின் வாக்கியத்தில் கு உருபோடு 'உள்' சேர்ந்துகொண்டது. சேர்ந்ததும் பெற்றுக்கொள்கிறவன் காணாமல் போய்விட்டான், வெறும் இடம் மிச்சம். அவர் மண்டை ஒரு கிட்டங்கி, யார் யாரோ சரக்கை இறக்கி வைக்கிறார்கள், அவர் சாவி வைத்திருப்பவர்கூட இல்லை.

தத்துவக்காரர்கள் இதைச் சுற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பல் வலிக்கிறது என்று சொல்லும்போது வலிப்பது யாருக்கு என்பதில் நான் தவறவே முடியாது என்று சிட்னி ஷூமேக்கர் 1968இல் வாதிட்டார். வலிப்பது என்னவோ பல்தான், ஆனால் அது எனக்கா அடுத்தவருக்கா என்று யாரும் குழம்புவதில்லை. மாமாவைப் போன்றவர்கள் அந்த விதியை உடைப்பதாகத் தோன்றும். லின் ஸ்டீபன்ஸ், ஜார்ஜ் கிரஹாம் என்ற இருவர் 2000இல் இன்னும் கவனமாகப் பார்த்தார்கள். ஓர் எண்ணம் எந்த மனதில் நடக்கிறது என்பது ஒரு கேள்வி, அதை நினைத்தது யார் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியில் நோயாளிகள் தவறுவதில்லை, எண்ணம் தன் மண்டைக்குள்தான் இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள், அதுதானே அவர்கள் புகாரே! நினைத்தவன் என்ற இடம் காலியாக இருக்கிறது என்பதுதான் சிக்கல். இத்தனை பக்கம் எழுதி அவர்கள் பிரித்ததை மாமா ஓர் உருபில் பிரித்துவிட்டார் என்று சொன்னால் மிகை என்பீர்கள். என் மாமா, நான் மிகையாகச் சொல்லலாம்.

அந்தக் காலி இடத்தில் வாத்தியார் எப்படி வந்து உட்கார்ந்தார் என்பதற்கு மறுபடியும் மூளைக்காரர்களிடம் போக வேண்டும். 1989இல், மாமாவுக்கு 26 வயதில், குரல்கள் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு தீப்பெட்டி ஆபீஸில் பண்டல்கள் அடுக்கியிருக்கும் வரிசை அவருக்கு ஏதோ சொல்ல ஆரம்பித்ததாம். மயில் லேபிள், அடுத்து சாவி லேபிள், அடுத்து மறுபடி மயில். என்ன சொல்கிறது என்று தெரியாது, ஆனால் சொல்வது தன்னிடம்தான் என்று தெரியும். 1958இல் கிளவுஸ் கான்ராட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்தக் கட்டத்தை மேடையேறுவதற்கு முந்தைய பதற்றத்துக்கு ஒப்பிட்டார். ஷிதிஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் 2003இல் இதற்கு டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைக் கொண்டுவந்தார். 'இது முக்கியம், கவனி' என்று மூளை ஒரு பொருளின் மேல் முத்திரை குத்துவதில் அந்த ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. அது கண்ட நேரத்தில் சுரந்தால் தீப்பெட்டி லேபிள் மேலும் முத்திரை விழும், மோட்டார் சத்தத்தின் மேலும் விழும். முத்திரை விழுந்த பிறகு, ஏன் விழுந்தது என்று மனிதன் ஒரு காரணம் தேடுவான். தேடாமல் இருந்தால்தான் அதிசயம். வாத்தியார், பாவம், அந்த நேரம் மோட்டார் போட்டார்.

மாத்திரை முத்திரையின் மையை மங்கவைக்கிறது, எழுதிய கதையை அழிப்பதில்லை என்பது கபூரின் கருத்து. இது எங்கள் வீட்டில் நடந்ததோடு அப்படியே பொருந்துகிறது. அளவு சரியாக அமைந்த பிறகு ஒருநாள், இப்போதும் கேட்கிறதா என்று அம்மா கேட்டாள். "கேக்கும். ஆனா எனக்கு வேல இருக்குல்லா" என்றார். வாத்தியார் இறந்தபோது மாமாதான் பந்தலுக்கு ஆள் கூட்டிவந்தார், சுடுகாடு வரை நடந்து போய்க் குளித்துவிட்டு வந்தார். இரண்டு வாரம் பொறுத்து நான் மெதுவாகக் கேட்டேன். வாத்தியார் போய்விட்டாரே, இப்போது நினைப்பது யார்? "போனது வாத்தியார். அது வேற" என்றார். இந்தத் தடவை நான் யாரிடமும் ஓடிப்போய்ச் சொல்லவில்லை.

டீக்கடை வாசலில்

குரல், மோட்டார் எல்லாம் சொல்லக் கதையாக இருக்கிறது. மாமாவை உண்மையில் முடக்கியது வேறு. ஒருநாள் டீக்கடை வாசலில் பத்து நிமிடம் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. கேட்டால், "கிளாஸ எப்ப கீழ வைக்கணும்னு இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரியுது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். வொல்ஃப்காங் பிளாங்கன்பர்க் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் 1971இல் எழுதியதை அப்போது படித்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன். ஆன் என்று அவர் பெயரிட்ட இளம் பெண்ணுக்குக் குரல்களெல்லாம் முக்கியமில்லை. மற்றவர்களுக்குத் தானாக இருக்கிற ஏதோ ஒன்று தனக்கு இல்லை, சின்ன விஷயம்தான், ஆனால் அது இல்லாமல் வாழ முடியாது என்பதே அவள் திரும்பத் திரும்பச் சொன்னது. உலகம் இப்படித்தான் என்கிற, யாரும் கற்றுத்தராத, யாரும் நிரூபிக்காத அந்த இயல்பான தெரிதலைத்தான் அவள் இழந்திருந்தாள் என்கிறார் பிளாங்கன்பர்க்.

இங்கேதான் இரண்டு கூட்டமும் தெரியாமலே ஒரே வாசலில் வந்து நிற்பதாக எனக்குப் படுகிறது. 2003இல் லூயிஸ் சாஸ், யோசஃப் பார்னாஸ் இருவரும் தத்துவப் பக்கத்திலிருந்து சொன்னது: மனச்சிதைவில் 'நான்' என்கிற அடியோட்டம் மெலிகிறது, அதே நேரம் சாதாரணமாகக் கவனத்துக்கே வராத விஷயங்கள், நாக்கு அசைவது, கால் எடுத்து வைப்பது, எண்ணத்தின் ஓசை, எல்லாம் முன்னால் வந்து நின்றுகொள்கின்றன. 2009இல் ஃப்ரித்தும் பால் பிளெட்சரும் மூளைப் பக்கத்திலிருந்து சொன்னது: மூளை எப்போதும் அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது, அந்த எதிர்பார்ப்புக்கும் வருகிற செய்திக்கும் உள்ள நிறுவை தவறினால் எல்லாமே புதிதாக, விளக்கம் கேட்பதாக ஆகிவிடும். முகமூடியின் உட்பக்கக் குழிவைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் நமக்கு அது புடைத்த முகமாகவே தெரியும், முகம் என்றால் புடைத்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு அவ்வளவு பலமானது. மனச்சிதைவு உள்ளவர்கள் இதில் நம் அளவுக்கு ஏமாறுவதில்லை என்று சோதனைகளில் வந்திருக்கிறது. அவர்கள் குழிவைக் குழிவாகவே பார்க்கிறார்கள். இப்போது டீக்கடைக்குத் திரும்பிப் போனால், கிளாஸை எப்போது வைப்பது என்று நமக்குத் தெரிவதும் அந்த ஏமாற்றின் இன்னொரு வடிவம்தானோ? மூளைக்காரர் கழித்தல் நடக்கவில்லை என்கிறார், தத்துவக்காரர் கவனம் பெருகிவிட்டது என்கிறார். கழிக்க வேண்டியதைக் கழிக்காவிட்டால் பாக்கி பெருகத்தானே செய்யும். ஒரே கணக்கை ஒருவர் வெளியிலிருந்தும் ஒருவர் உள்ளிருந்தும் எழுதியிருக்கிறார்கள்.

ஒருவர் மட்டும் போதாது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன். ஃப்ரித்தின் ரோபோ எதைத் தேட வேண்டும் என்று சொன்னதே நோயாளிகளின் வாக்கியங்கள்தான். அதேபோல, மூளையை விட்டுவிட்டு உள்ளனுபவத்தை மட்டும் பேசுகிறவர்கள் சீக்கிரமே பைத்தியத்தை ஞானம் என்று பாட ஆரம்பித்துவிடுகிறார்கள், மூன்று நாள் தூங்காத மனிதனின் கண்ணை அவர்கள் பார்த்ததில்லை. நம் ஊரில் இந்தப் பாட்டுக்கு வேறு ராகமும் உண்டு. தான்யா லுஹ்ர்மன் என்ற மானிடவியலாளர், மனச்சிதைவு நோயாளிகளுக்காக இயங்கும் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மருத்துவர்களோடு சேர்ந்து செய்து 2015இல் வெளியான ஆய்வில், கலிஃபோர்னியா, ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்ரா, சென்னை ஆகிய இடங்களில் இருபது இருபது பேரிடம் குரல்களைப் பற்றிக் கேட்டார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் அந்நியர்களின், வன்மமான குரல்கள். சென்னையில் பலருக்குச் சொந்தக்காரர்கள் பேசினார்கள், வீட்டு வேலை சொன்னார்கள், திட்டினார்கள், சிலருக்கு விளையாட்டும் காட்டினார்கள். மாமாவுக்கும் வாத்தியாரைத் தவிர எங்கள் ஆச்சி உண்டு. குளிக்காமல் இருந்தால் ஆச்சி சத்தம் போடுவாள். சாமியாடி வாயில் அம்மன் பேசுவதை வருடா வருடம் பார்க்கிற ஊரில், ஒருவர் மனதுக்குள் இன்னொருவர் வந்து போவது யாரும் கேள்விப்படாத சங்கதி இல்லை. மனம் என்றால் என்ன என்று ஓர் ஊர் நினைக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அது கலையும் விதமும் இருக்கும்போல. ஆனால் இதை வைத்து நாம் மார்தட்ட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்துபோனதும் இதே தமிழ்நாட்டில்தான். அந்தச் செய்தி வந்த பேப்பரை அம்மா மாமா கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை இருக்கிறது, மாத்திரைகளின் கைங்கரியம் பாதி, அம்மா சமையல் பாதி. திண்ணையில் இருந்தார். முற்றத்தில் ஒரு கோழி இறகு கிடந்தது, எனக்குள் (பாருங்கள், எனக்குள்) அந்த ரோபோ ஞாபகம் வந்தது. இறகை எடுத்து அவர் உள்ளங்கையில் லேசாக வருடினேன். சிரித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். "இப்ப நீங்களே பண்ணிப் பாருங்க மாமா, கூசுதான்னு சொல்லுங்க" என்று இறகை அவர் கையில் கொடுத்தேன். பிளேக்மோர் அம்மையாருக்கு ஒரு கடிதமே எழுதிவிடலாம் என்கிற உற்சாகத்தில் இருந்தேன். மாமா இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேட்டி நுனியில் துடைத்தார், காதுக்குள் விட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். பக்கத்து வீட்டில் வாத்தியாரின் மகன் மோட்டாரைப் போட்டார்.

"மாமா, கூசுதா?"

"பேசாம இருல" என்றார்.